எச்.ஐ.வி.யால் அதிகம் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கு நன்கொடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள், அறக்கட்டளைகளில் விண்ணப்பங்களைப் படிப்பவர்கள், பணம் கேட்டு விண்ணப்பிக்கும் சின்னக் குழுக்கள் என மூன்று தரப்பிலிருந்தும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே போட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு கேள்விகள் சிலருக்கு முகம் சுளிக்க வைக்கலாம். மனசுக்குள் வைத்துக்கொண்டு காசோலையைக் கிழித்துப் போடுவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது.

1. அதிகம் பாதிக்கப்பட்ட சமூகங்கள்னு சொல்றீங்களே, அது யாரு? எச்.ஐ.வி. யாருக்கு வேணா வரலாம்தானே?

வரலாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. பாலியல் தொழிலாளர்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநர்கள், ஊசி வழியே போதைப்பொருள் எடுப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகிய ஐந்து பிரிவினரை ஐ.நா.வின் யுஎன்எய்ட்ஸ் அமைப்பு தனியாகக் குறிப்பிடுகிறது. 2022-இல் உலகம் முழுக்கப் புதிதாகத் தொற்று ஏற்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் இந்தப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பாலுறவு இணையர்களும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பதின்வயதுப் பெண்களையும் இளம்பெண்களையும் இதோடு சேர்க்க வேண்டும். ஏற்கனவே தொற்றோடு வாழ்பவர்கள் எல்லா இடத்திலும் இந்தப் பட்டியலில் உண்டு.

ஏன் இவர்களுக்கு அதிகம் என்றால், பாதிக் காரணம் சட்டத்திலும் போலீஸிடமும் இருக்கிறது. பையில் ஆணுறை இருந்தாலே பாலியல் தொழிலுக்குச் சாட்சி என்று பிடித்துப்போகும் ஊரில் யார் ஆணுறையைப் பையில் வைத்துக்கொள்வார்கள்?

2. மருந்துதான் வந்துடுச்சே. இன்னும் எதுக்கு நன்கொடை?

மருந்து வந்தது மட்டுமில்லை, நன்றாகவே வேலை செய்கிறது. ஒழுங்காக எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உடலுறவு வழியே அடுத்தவருக்குத் தொற்று பரவாது. ஆனால் யுஎன்எய்ட்ஸ் கணக்குப்படி 2024-இல் தொற்றோடு வாழ்ந்தவர்கள் 4 கோடியே 8 லட்சம் பேர். சிகிச்சையில் இருந்தவர்கள் 3 கோடியே 16 லட்சம் பேர். மீதி 92 லட்சம் பேரிடம் மருந்து போய்ச் சேரவில்லை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் 6,30,000 பேர் இறந்தார்கள்; 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது.

தடுப்பிலும் இதே கதைதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் மலிவுவிலை வடிவத்தை 2027 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு சுமார் 40 டாலருக்குத் தருவதாக ஒப்பந்தங்களும் ஆகிவிட்டன. இவ்வளவு நல்ல ஊசி மருந்துக் கிடங்கிலேயே கிடந்துவிடாமல் இருக்க, கிளினிக் பக்கம் வரவே பயப்படுபவரை யாராவது கூட்டி வர வேண்டும். நன்கொடைக்கு வேலை அங்கேதான்.

3. அரசாங்கம் கொடுக்குது, குளோபல் ஃபண்ட் கொடுக்குது. நடுவுல நான் கொடுக்கிற காசு எந்த மூலைக்கு?

குளோபல் ஃபண்ட் என்பது எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கப் பல நாடுகள் பணம் போடும் சர்வதேச நிதியம். மொத்தத் தொகையைப் பார்த்தால் உங்கள் காசு எந்த மூலைக்கும் இல்லைதான். 2023-இல் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளில் எச்.ஐ.வி. பணிக்குக் கிடைத்தது 1,980 கோடி டாலர். அதில் 59 சதவீதம் அந்தந்த நாடுகளின் சொந்தப் பணம். உலகத்தில் உள்ள தனியார் அறக்கட்டளைகள் எல்லாம் சேர்ந்து, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதையும் கூட்டினால்கூட, ஆண்டுக்கு 70 கோடி டாலரை ஒட்டித்தான் வருகிறது. அதிலும் பெரும்பகுதி கேட்ஸ் ஃபவுண்டேஷன், கிலியட் என்ற மருந்துக் கம்பெனி என இரண்டே இடங்களிலிருந்து.

ஆனால் மொத்தம் எவ்வளவு என்பதைவிட யாரிடம் போகிறது என்று பாருங்கள். 2016 முதல் 2018 வரையிலான செலவை நெதர்லாந்தின் எய்ட்ஸ்ஃபாண்ட்ஸ் அமைப்பு ஆராய்ந்தபோது, முதல் பதிலில் சொன்ன பிரிவினருக்கான திட்டங்களுக்கு எச்.ஐ.வி. நிதியில் வெறும் 2 சதவீதமே போயிருந்தது. புதிய தொற்றுகளில் பாதிக்கு மேல் அவர்களிடையே, பணத்தில் நூற்றுக்கு இரண்டு. தன் சட்டத்தாலேயே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிய அரசு, அவருடைய சங்கத்துக்கு அலுவலக வாடகை கொடுக்காது. தனியார் பணம் கொடுக்கும்.

4. மருந்து, ஆணுறைனு வாங்கிக் கொடுத்துடறேனே. சம்பளம், வாடகைக்கெல்லாம் ஏன் கொடுக்கணும்?

இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

மருந்தும் ஆணுறையும் பெரும்பாலும் அரசு வழியாகவோ குளோபல் ஃபண்ட் வழியாகவோ வந்துவிடும். வராதது ஆள்பலம். ராத்திரி பதினொரு மணிக்கு நெடுஞ்சாலை ஓரம் நிற்பவரிடம் போய்ப் பேச, அவருக்கு முகம் தெரிந்த ஒருவர் வேண்டும். மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் கூடவே நிற்க வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் ஆண் பெயரை நர்ஸ் சத்தமாகக் கூப்பிட, எழுந்து போக முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் திருநங்கைக்காகத் தான் எழுந்து கவுன்டருக்குப் போக வேண்டும். இதையெல்லாம் செய்கிற களப்பணியாளரின் சம்பளம்தான் "நிர்வாகச் செலவு" என்ற தலைப்பில் முதலில் வெட்டப்படுகிறது.

ஒரு சின்னக் குழுவின் பட்ஜெட்டில் பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. தளவாடங்களுக்கு அனுமதி இல்லை என்று நிதி கொடுத்தவர்கள் அந்த வரியை அடித்துவிட்டார்கள். அலமாரி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பரிசோதனைக்கு வந்தவர்களின் பெயர், போன் நம்பர், முடிவு எல்லாம் எழுதிய பதிவேட்டை வைக்கத்தான் அது. அலமாரி வராததால் பதிவேடு களப்பணியாளரின் தோள்பையிலேயே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது. அந்தப் பை ஒரு நாள் தொலைந்திருந்தால் எத்தனை குடும்பங்களில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அலமாரி வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று குழுவே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுக் கொடுக்கும் பணத்துக்குப் பொதுநிதி என்று பெயர். உங்களால் முடிந்தால் அதையே கொடுங்கள். 2012-இல் தொடங்கிய ராபர்ட் கார் ஃபண்ட், சமூக வலையமைப்புகளுக்கு இந்த மாதிரி நிதியைத்தான் முதன்மையாகக் கொடுக்கிறது.

5. சமூகத்தினரே நடத்தும் அமைப்புன்னு எல்லா என்ஜிஓவும் சொல்லிக்குது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

துண்டுப் பிரசுரத்தின் அட்டையைப் பார்க்காதீர்கள். காசோலையில் யார் கையெழுத்து போடுகிறார்கள் என்று பாருங்கள். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை யார், பட்ஜெட்டை மாற்றும் அதிகாரம் யாருக்கு, சம்பளப் பட்டியலில் மேலே இருப்பவர் யார் என்று கேளுங்கள். சமூகத்தைச் சேர்ந்த நாலு பேர் தினப்படி வாங்கிக்கொண்டு கூட்டங்களுக்கு வந்துபோனால் மட்டும் அது அவர்கள் நடத்தும் அமைப்பு ஆகிவிடாது.

இந்தக் கோரிக்கை ஒன்றும் புதிது இல்லை. 1983-இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், எங்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 1994 பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகள் அதே அர்த்தத்தில் கையெழுத்திட்டன. 2021 ஐ.நா. பிரகடனம் எண்ணிக்கையே சொன்னது: 2025-க்குள் பரிசோதனை, சிகிச்சை சேவைகளில் 30 சதவீதமும், ஆபத்து அதிகமுள்ள பிரிவினருக்கான தடுப்புச் சேவைகளில் 80 சதவீதமும், சட்டம், களங்கம் போன்ற தடைகளை நீக்கும் வேலையில் 60 சதவீதமும் சமூக அமைப்புகள் கையில் இருக்க வேண்டும். சொன்ன நாடுகளில் பல, அதற்கான பணத்தை மட்டும் மறந்துவிட்டன.

6. எங்க குழுவுக்குப் பதிவே இல்ல. பதிவு பண்ணப் போனா என்ன வேலை செய்யறீங்கன்னு கேட்பாங்க. எங்களுக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்கும், இன்னொரு பதிவு பெற்ற அமைப்பின் வழியாக. அவர்கள் கணக்கில் பணம் வரும், அவர்கள் ஆடிட் செய்வார்கள், வேலையை நீங்கள் செய்வீர்கள். இதில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், எத்தனை நாளில் உங்கள் கைக்குப் பணம் வரும், செலவை முடிவு செய்வது யார், பிரிந்துபோனால் மீதிப் பணம் யாருக்கு என்ற நாலையும் பணம் வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்தபிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

சின்னக் குழுக்களுக்கென்றே இருக்கும் நிதியங்களையும் பாருங்கள். ரெட் அம்ப்ரெல்லா ஃபண்ட் 2012 முதல் பாலியல் தொழிலாளர் சங்கங்களுக்கு மட்டும் கொடுக்கிறது. அதை வழிநடத்தும் குழுவில் பெரும்பான்மையினர் பாலியல் தொழிலாளர்களே.

7. வேற நாட்டுக் குழுவுக்கு நேரா அனுப்பலாமா? வரிவிலக்கு உண்டா?

இரண்டும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் அவர்கள் நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனி அனுமதி வேண்டிய நாடுகள் உண்டு. அங்கே நீங்கள் நல்ல எண்ணத்தில் அனுப்பும் சின்னத் தொகையே குழுவுக்கு வழக்காக முடியலாம். அனுப்பும் முன் அவர்களிடம் கேளுங்கள். சரிப்படாது என்றால் 4, 6-ஆம் பதில்களில் சொன்ன மாதிரியான நிதியங்கள் வழியாகக் கொடுங்கள்.

8. போதை ஊசி போடறவங்களுக்குப் புது ஊசி கொடுக்கறது, பழக்கத்துக்குத் துணை போற மாதிரி இல்லையா?

ஊசி கொடுப்பதால் போதைப் பழக்கம் கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஸ்காட் கவுன்டி சாட்சி. ஊசி மாற்றுத் திட்டம் எதுவும் இல்லாத அந்தக் கிராமப்புறப் பகுதியில் 2015-இல் தொற்று வெடித்தது. கடைசியில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. மாநில அரசு அவசர நிலை அறிவித்து, அதுவரை சட்டம் தடுத்திருந்த ஊசி விநியோகத்தைத் தானே அனுமதிக்க வேண்டி வந்தது.

இன்னொன்று: ஊசி வாங்க வருபவர்தான் பரிசோதனைக்கும், மெத்தடோன் போன்ற மாற்று மருந்துக்கும் சம்மதிக்கும் நாள் வரும்போது, ஏற்கனவே தெரிந்த கதவைத் தட்டுகிறார்.

9. நிதி கொடுக்கறவங்க ஒரு உறுதிமொழியில கையெழுத்து கேட்கறாங்க. எங்க ஆளுங்களுக்கு எதிரா இருக்கு. பணம் வேண்டாம்னு சொல்லிடலாமா?

சொல்லலாம். ஒரு நாடே சொல்லியிருக்கிறது. வெளிநாடுகளில் எச்.ஐ.வி. பணிக்கு உதவும் அமெரிக்க அரசின் பெப்ஃபார் திட்டத்துக்கான 2003 சட்டம், பணம் வாங்கும் அமைப்புகள் பாலியல் தொழிலை எதிர்ப்பதாக எழுதித்தர வேண்டும் என்றது. 2005-இல் பிரேசில் மறுத்துவிட்டு, சுமார் 4 கோடி டாலரை விட்டுக்கொடுத்தது. பாலியல் தொழிலாளர்களைக் கூட வைத்துக்கொண்டே தடுப்புப் பணி செய்துவந்த நாடு அது; அவர்களைக் கண்டித்து எழுதிவிட்டு மறுநாள் அவர்களிடம் போய் நிற்க முடியாது. அமெரிக்க அமைப்புகளைப் பொறுத்தவரை அந்த நிபந்தனை செல்லாது என்று 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு அமைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2020-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் குழு பிரேசில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாத வாடகை இந்தப் பணத்தில்தான் என்றால் முடிவு எளிதாக இருக்காது. ஆனாலும் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதைச் செயலாளர் ஒருவரே முடிவு செய்யாமல் உறுப்பினர் கூட்டத்தில் வையுங்கள்.

10. மருந்துக் கம்பெனி கொடுக்கிற பணத்தை வாங்கலாமா?

கிலியட், வீவ் போன்ற எச்.ஐ.வி. மருந்து தயாரிப்பாளர்கள் சமூகக் குழுக்களுக்குக் கணிசமாகவே கொடுக்கிறார்கள். வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சோதனை மட்டும் செய்துபாருங்கள்: நாளைக்கே அந்தக் கம்பெனி மருந்தின் விலை அதிகம், காப்புரிமை நியாயம் இல்லை என்று உங்கள் குழு வெளிப்படையாக அறிக்கை விட முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். அறிக்கையை நினைத்தாலே வயிற்றைக் கலக்கினால், அந்தப் பணம் உங்கள் பட்ஜெட்டில் ஏற்கனவே அளவுக்கு மீறிவிட்டது.

11. எங்க பணத்துல யாரு பயனடைஞ்சாங்கன்னு ஒரு போட்டோ, ஒரு பேரு கேட்டா தப்பா?

தப்புதான். ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்பதையும் அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் உங்கள் ஆண்டறிக்கையின் பளபளப்பான தாளில் அச்சிட்டுவிட்டால், அது எந்த வீட்டுக்காரர் கைக்கு, எந்த மாமியார் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. "சம்மதம் கொடுத்தாங்களே" என்பார்கள். அடுத்த மாத மருந்துக்கு உங்கள் முகத்தைப் பார்த்திருப்பவர் எப்படி மறுப்பார்? எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் சிகிச்சையைத் தொடர்கிறார்கள், எங்கே இடறியது என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கும்.

12. கோர்ட்டு கேஸுக்கெல்லாம் நன்கொடை கேட்கறாங்க. அதுக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம்?

தென்னாப்பிரிக்காவில் ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற மக்கள் இயக்கம் வழக்குப் போட்டு 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்ற பிறகுதான், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்க அரசுக்கு உத்தரவு போனது. எத்தனை மாத்திரை வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பலன் வந்திருக்காது.

வழக்குக்குக் கொடுப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை எதிர்த்து 2001-இல் மனு போட்டது நாஸ் ஃபவுண்டேஷன் என்ற எச்.ஐ.வி. அமைப்புதான், அந்தச் சட்டம் தங்கள் தடுப்புப் பணியையே முடக்குகிறது என்பது அவர்கள் வாதம். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வெற்றி, 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வி, 2018-இல் வேறு மனுதாரர்கள் வழியே மீண்டும் வெற்றி. மூன்று ஆண்டு ப்ராஜெக்ட்டாக எழுதியிருந்தால் எந்த ரிப்போர்ட்டிலும் அது "இலக்கை எட்டவில்லை" என்றுதான் வந்திருக்கும்.

13. பணத்தைச் சுருட்டிட்டா?

சுருட்டுபவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. முதல் ஆண்டு சின்னத் தொகை, ஆடிட் செலவையும் நீங்களே கொடுப்பது, இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு: இவ்வளவு போதும். பத்துப் பக்க ரிப்போர்ட்டை மாதாமாதம் கேட்டால் திருட்டு குறையாது, களப்பணி குறையும்.

தவறை வெளியே சொன்னவரைத் தண்டிக்காதீர்கள். குளோபல் ஃபண்ட் தன்னுடைய ஆய்வாளர் கண்டுபிடித்த முறைகேடுகளைத் தானே வெளியிட்டது. மொத்தப் பணத்தில் சிறு பகுதிதான் அது. ஆனால் 2011 தொடக்கத்தில் செய்தி பரவியதும் ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் பணத்தை நிறுத்திவைத்தன. பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு நவம்பரில் அடுத்த சுற்று நிதியே ரத்தானது. தண்டனை சுருட்டியவர்களுக்குப் போகவில்லை.

14. 2025-இல் அமெரிக்கா பணத்தை நிறுத்தினதை நாமெல்லாம் சேர்ந்து ஈடு கட்ட முடியுமா?

முடியாது. 3-ஆம் பதிலில் உள்ள கணக்கே போதும். ஜனவரி 2025-இல் வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டு, பின்னர் உயிர்காக்கும் சேவைகளுக்கு விலக்கு கொடுத்தபோது, தொற்றைத் தடுக்கும் பிரெப் மருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும் என்றார்கள். அதாவது முதல் பதிலில் சொன்ன பிரிவினரில் பெரும்பாலோர் ஒரே வரியில் வெளியே போனார்கள். அவர்களுக்கென்று நடந்த பல மையங்களுக்குப் பூட்டு விழுந்தது.

தனியார் பணம் செய்யக்கூடியது வேறு: விட்டுப்போகவிருக்கும் அனுபவமுள்ள களப்பணியாளரைச் சில மாதம் தக்கவைப்பது, பதிவேடுகளைப் பத்திரப்படுத்துவது, அரசு பட்ஜெட்டில் இடம் கேட்டுப் போராடுபவர்களுக்குச் செலவுக்குக் கொடுப்பது. களப்பணியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அவரை நம்பி வந்தவர்களின் தொடர்பும் அவரோடு போய்விடும்.

15. எத்தனை வருஷம் கொடுக்கணும்? காலம் பூரா கொடுத்துட்டே இருக்க முடியாதே.

எவ்வளவு காலம் என்பதைவிட எப்படி நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். கேட்ஸ் ஃபவுண்டேஷன் 2003-இல் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் அவஹான் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோதே, பின்னால் அரசிடம் ஒப்படைப்பதாகத்தான் பேச்சு. 2009 முதல் படிப்படியாக, அரசின் செலவு வரம்புக்குள் வரும்படி சுருக்கி ஒப்படைத்தார்கள். அப்படியும் சமூக அமைப்புகளைக் கட்டி வளர்க்கும் வேலை பின்தங்கியது என்ற வருத்தம் களத்தில் உண்டு.

ருமேனியா எதிர்ப்பக்கம். 2010-இல் குளோபல் ஃபண்டின் எச்.ஐ.வி. நிதி முடிந்தது. ஊசித் திட்டங்களை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. அதே சமயம் அடிக்கடி ஊசி ஏற்ற வைக்கும் புதுவகைப் போதைப்பொருள்களும் பரவின. 2010-இல் புதிய தொற்றுகளில் சுமார் 3 சதவீதம் ஊசி வழியே வந்தது; 2013-இல் அது சுமார் 30 சதவீதம். நிறுத்தப்போகிறீர்கள் என்றால் குறைந்தது ஓராண்டு முன்னால் சொல்லுங்கள், கடைசி ஆண்டுப் பணத்தை அடுத்த ஏற்பாட்டுக்குச் செலவிட அனுமதியுங்கள்.

16. எங்க ஆளுங்களுக்கு முதல் பிரச்சினை போலீஸ் அடி, வாடகைக்கு வீடு கிடைக்காதது. ஆனா எச்.ஐ.வி.ன்னு எழுதினாதான் பணம் வருது. என்ன பண்றது?

விண்ணப்பங்களில் பொய் எழுத வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுதினாலே போதும். வீடு இல்லாதவர் மாத்திரையை எங்கே வைப்பார், போலீஸ் துரத்துகிற இடத்தில் களப்பணியாளர் எப்படி நிற்பார் என்று உங்கள் பகுதியில் நடந்த இரண்டு சம்பவங்களோடு, பெயர் இல்லாமல், எழுதுங்கள். 5-ஆம் பதிலில் வரும் அந்த 60 சதவீதம் இந்த மாதிரி வேலைக்குத்தான். அதை மேற்கோள் காட்டுங்கள். சட்ட உதவிக்கும் இரவுத் தங்கலுக்கும் தனி பட்ஜெட் வரி போடுங்கள், "இதர செலவு" என்பதற்குள் ஒளிக்காதீர்கள்.

நிதி கொடுப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. ஒரு குழுவின் எல்லாத் திட்டங்களும் நோயைச் சுற்றியே இருந்தால், அவர்களுக்கு வேறு கவலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதற்கு மட்டும்தான் கட்டம் இருக்கும். கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டு, "இந்தப் பணம் எதற்கு வேண்டுமானாலும் என்றால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள்.